பால் மறக்க வச்ச பூ

எம் பையன்தானுங்க. ஆமாங்க, எம் பையன்தான். நான் பெத்த பையன்.

நீங்க அப்படிப் பாக்காதீங்கக்கா. எனக்குப் புது ஆளுங்ககிட்டப் பேச வராதுங்க. கடையில சீரகம் கேக்கறதுக்கே, எல்லாரும் போகட்டும்னு ஓரமா நின்னு கடைசியாக் கேக்கற ஆளு நான். அதான் நீங்க "யாரு பிள்ளை இது?"ன்னு கேட்டதும் சட்டுன்னு வாய் வரல. வாய் வராததைப் பாத்துட்டு முன் சீட்டுக்காரரு வேற திரும்பித் திரும்பிப் பாக்கறாரு.

நீங்க நினைக்கறது புரியுதுங்க. அம்மா அம்மான்னு சன்னலுக்கு வெளிய கையைக் காட்டி அழுவறான். அம்மா மடியில உக்காந்துக்கிட்டு எந்தப் பிள்ளை அம்மா வேணும்னு அழும்? நானா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். ஆனா இவன் கூப்பிடறது என்னை இல்லீங்க. அதான் விசயம்.

கனி, காலை ஆட்டாத அம்மிணி, அக்கா சேலையில படுது பாரு.

இது மூத்தவ, கனிஷ்கா. பால்வாடிக்குப் போறா. அந்தச் செருப்பு வந்ததுல இருந்து காலு ஒரு எடத்துல நிக்கறதில்லீங்க. மிதிச்சா லைட் எரியுமில்ல, செவப்பு, பச்சைன்னு. அவங்கப்பா வாங்கியாந்தது. தம்பி இல்லாம ஏங்கிப் போயிருவான்னு வாங்கியாந்தாரு. அவ்வளவு பாசமுங்க. நீங்க வேணும்னா இவகிட்டயே கேளுங்க. கனி, இது யாருன்னு அக்காகிட்டச் சொல்லு. பேரும் சொல்லு. கேட்டீங்களா? தம்பின்னு சொன்னா. லோகித்துன்னு சொன்னா. பிள்ளை பிடிக்கிறவளா இருந்தா இன்னொரு பிள்ளையையும் கையில வச்சுக்கிட்டா பிடிக்கப் போவேன்?

போட்டோ காட்டலாம்னா போன்ல இல்லீங்க. இருந்துச்சு, நெறையா இருந்துச்சு. பொறந்த அன்னைக்கு எடுத்தது, மொட்டை போட்டது, சோத்துச் சட்டிக்குள்ள காலை விட்டுட்டு நின்னது. மாமாதான் எல்லாத்தையும் எடுத்துட்டாரு. எங்க வீட்டுக்காரருங்க, மாமான்னுதான் கூப்பிடுவேன். "பாத்துப் பாத்து அழுதுட்டே இருப்பே, அழுதா மறுபடி பால் ஊறும்"னு சொல்லிட்டு எடுத்துட்டாரு. எனக்காகத்தான்.

கண்டக்டர்கிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்கக்கா. காங்கேயம் வர்றதுக்குள்ள மொதல்ல இருந்து சொல்லிடறேன். கேட்டுட்டு அப்பறம் உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லுங்க.

நாங்க திருப்பூருங்க. லைன் வீடு. மாமா பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரு. நான் எட்டாவது பாதியில நின்னவ. கல்யாணம், கனி, அப்பறம் இவன். அவ்வளவுதான் என்ற கதை. வெடியால எந்திரிச்சா தண்ணி பிடிக்கோணும், சோறாக்கோணும், கனிக்குத் தலை சீவி பால்வாடியில விடோணும். அதுக்குள்ள இவன் மாவுச் சட்டியைக் கவுத்திருப்பான். அதைத் துடைக்கறதுக்குள்ள கட்டிலுக்கு அடியில போயிப் படுத்துக்கிட்டு "காணோம், காணோம்"பான். தொலாவற மாதிரி நடிக்கோணும். நடிக்கலைன்னா அழுவான்.

அதெல்லாம் செரி. பால்தானுங்க மறக்கல. ரெண்டு வயசு ஆகப் போகுது. சோறு திம்பான், முட்டை திம்பான், கறிக்குழம்பு ஊத்திப் பிசைஞ்சா தட்டத்தையே நக்குவான். எல்லாம் திண்ணு முடிச்சதும் வாயைத் தொடைச்சுட்டு வந்து முந்தானையை இழுப்பான். தண்ணி பிடிக்கிற எடத்துல, ரேஷன் கடை வரிசையில, எங்கன்னு கணக்கில்லை. எனக்கு வெக்கமா இருக்கும். கனி வேற பக்கத்துல நின்னு எல்லாருக்கும் வெளக்கம் சொல்லுவா. "எங்க தம்பி இன்னும் பாப்பா. நான்தான் பெரியவ. நான் டீத்தான் குடிப்பேன்"னு.

பக்கத்து வீட்டு ரோசம்மாக்கா வேப்பிலை அரைச்சுப் பூசச் சொல்லுச்சு. பூசுனேனுங்க. வந்து ஒரு வாய் வச்சான். மொகத்தைச் சுளிச்சு என்னை ஒரு பார்வை பாத்தான். பாத்துட்டு என்ன பண்ணான் தெரியுமா? தன்ற சட்டையைத் தூக்கித் தொடைச்சுட்டுக் குடிச்சான். இன்னொரு நாளு கரியைப் பூசிட்டு, "அய்யோ சாமி, அம்மாவுக்குப் புண்ணு"ன்னேன். பாவம்னு ஊதி விட்டான். ஊதி விட்டுட்டுக் குடிச்சான். சிரிக்கறதா அழுவறதான்னு தெரியலீங்க.

குடிக்கறப்ப ஒரு கை சும்மாவே இருக்காது. என்ற காது மடலைப் புடிச்சுத் திருகிட்டே இருப்பான். இந்தா, இந்தத் தோட்டுக்குக் கீழ. செவந்து போயிரும். தூங்கினாலும் விட மாட்டான்.

அப்பத்தான் நங்கையா வீட்டுப் பேச்சு வந்துச்சு. நங்கையான்னா மாமாவோட அக்காங்க, வளர்மதின்னு பேரு. வெள்ளகோயில் தாண்டி உள்ள போகோணும், இப்ப நான் பஸ் ஏறுன எடம். மாமா கைப்பிள்ளையா இருக்கறப்பவே அவங்கம்மா போயிட்டாங்க. அக்காதான் இடுப்புல தூக்கி வளத்துனாங்க. தம்பிக்காகப் பள்ளிக்கூடத்தை நிறுத்துனாங்க, கல்யாணத்தையும் தள்ளித் தள்ளிப் போட்டாங்க. கடைசியில லேட்டா ஆச்சு. பிள்ளை நிக்கல. கோயம்புத்தூர் வரைக்கும் போயிப் பாத்தாங்க, வேண்டாத கோயில் இல்லை. ஒண்ணும் நடக்கல. எங்க வீட்டுக்கு ஒறம்பரையா நாலு நாள் தங்க வந்தா இவனைக் கீழயே விட மாட்டாங்க. தண்ணி வாக்கறது, சோறு ஊட்டறது எல்லாம் அவங்கதான். நானும் செத்த நேரம் காலை நீட்டலாமேன்னு விட்டுருவேன். நல்லவங்கன்னு நம்பி விட்டேனுங்க.

"பையனைக் கொஞ்ச நாளைக்கு அக்காகிட்ட விட்டுறலாம். உன்னைக் கண்ணுல காணாம இருந்தாத்தான் பால் மறப்பான்"னு ஒரு நாள் மாமா சொன்னாரு. அது எங்க பக்கம் செய்யறதுதானுங்க, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. பிள்ளையைப் பெரியம்மா வீட்டுலயோ அத்தை வீட்டுலயோ விட்டுருவாங்க. பால் மறந்ததும் கூட்டியாந்துருவாங்க. யோசனை சொன்னது மாமாதான். ஆனா அவருக்கு இதெல்லாம் எங்கங்க தெரியும், சொல்லிக் குடுத்தது அந்தம்மாவாத்தான் இருக்கும்.

கூட்டிட்டுப் போற அன்னைக்கு நான் மொகத்தைக் காட்டக் கூடாதுன்னுட்டாரு. பாத்ரூமுக்குள்ள போயித் தாப்பாள் போட்டுக்கிட்டேன். குழாயைத் தொறந்து விட்டேன். அவன் சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது, என்ற சத்தம் அவனுக்குக் கேக்கக் கூடாது. பக்கெட் நெறைஞ்சு வழிஞ்சு தண்ணி காலு மேல ஓடுது, நான் நின்னுக்கிட்டே இருக்கேன். பைக்ல முன்னால இவனும் பின்னால கனியும். கனியை எதுக்குங்க கூட்டிட்டுப் போறீங்கன்னு முன்னாலயே கேட்டேன். "பையன் வழியில அழாம வருவான்"னாரு.

துணி எடுத்து வச்சதும் அவருதான். ரெண்டு சட்டை போதுமேன்னேன். பை நெறையா வச்சாரு. ஸ்வெட்டரு, மழைக்கோட்டு, தொட்டில் சேலை. கனியோட பழைய நடைவண்டியைப் பைக்ல கயிறு போட்டுக் கட்டுனாரு. தீவாளிக்குப் போடறதுக்குப் பெருசா எடுத்து வச்சிருந்த சட்டையைக் கூட விடல. "கொஞ்ச நாளைக்கு எதுக்குங்க மாமா இத்தனை"ன்னேன். "அக்கா வீட்டுல எம் பையன் எதுக்கும் ஏங்கக் கூடாது"ன்னாரு. எந்த ஆம்பளைங்க இப்படிப் பாத்துப் பாத்து எடுத்து வப்பான்?

பையன் போன பொறகு நான் பட்ட பாடு இருக்கே. பால் கட்டிக்கிச்சு. மாரு கல்லு மாதிரி ஆயிருச்சு. கைய தூக்க முடியல, சொரம் வேற. தெருவுல எந்தப் பிள்ளை அழுதாலும் ரவிக்கை நனைஞ்சு போகும். அன்னைக்குப் பொழுதோட மாமா மல்லிகைப்பூ வாங்கியாந்தாரு. மாருல பூவை வச்சுக் கட்டுனா பால் வத்திரும்பாங்கல்ல, அதுக்கு.

கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவரு எனக்குப் பூ வாங்கியாந்ததே இல்லீங்க. நல்ல நாளு, நோம்பி நாள்ல கூட நானாப் போயி வாங்கிக்கோணும். அப்படிப்பட்டவரு தினமும் வாங்கியாந்தாரு. வாழையிலையில சுத்தி, சில்லுன்னு. நீங்க தலையில வச்சிருக்கீங்களே, இதே குண்டு மல்லிதான். வந்ததும் செருப்பைக் கூடக் கழட்ட மாட்டாரு, "வச்சுக் கட்டுனியா அம்சா? கொறைஞ்சுதா? இன்னும் ஊறுதா?"ன்னு கேப்பாரு. அம்சவேணிங்கற பேரைச் சுருக்கி அப்படிக் கூப்பிட்டதே அப்பத்தான் மொதல் தடவை. ரோசம்மாக்கா கூட, "உனக்கு வாச்சது எங்களுக்கு வாய்க்கலை புள்ள"ன்னு சொல்லுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள பெருமைதான். மாரு ஒரு பக்கம் வலிக்குது, மனசு ஒரு பக்கம் பூரிச்சுப் போச்சு. கட்டின பூவைச் சுருக்கம் விழுந்தப்பறமும் கீழ போட மனசு வரலீங்க. சன்னல் மேல வரிசையா வச்சிருந்தேன்.

வத்திருச்சு மாமான்னு நான் சொன்ன அன்னையோட பூ நின்னு போச்சு. அதான் வத்திருச்சே, அப்பறம் எதுக்குன்னு நானும் இருந்துட்டேன்.

இனிக் கூட்டியாந்துரலாமில்லன்னு கேட்டேன். பையனுக்குச் சளி, போகட்டும்னாரு. சளி போச்சு. ஆடி மாசத்துல வேண்டாம்னாரு. ஆடி போச்சு. அக்கா ஊர்ல கோயில் நோம்பி சாட்டியிருக்கு, முடியட்டும்னாரு. நோம்பியும் போச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா அவரு மட்டும் போயிப் பாத்துட்டு வருவாரு. நானும் வர்றேன்னா, "நீ வந்தீன்னா பட்ட பாடெல்லாம் வீணாப் போகும்"பாரு. போன்ல கொரலாச்சும் கேக்கறேன்னா, "கொரல் கேட்டா ஏங்கிச் சீக்கு வந்துரும்"பாரு. எம் பிள்ளைக்குச் சீக்கு வரணும்னா நான் நினைப்பேன்? வாயை மூடிக்கிட்டேன். ஒரு நாள் நான் வெசனமா உக்காந்திருக்கிறதைப் பாத்துட்டு, "நமக்கு என்ன வயசா போச்சு, இன்னொண்ணு பெத்துக்கிட்டாப் போகுது"ன்னு தோள்ல கை போட்டாரு. எனக்கு வெக்கமாப் போயி அடுப்படிக்குப் போயிட்டேன்.

இவ ஒருத்திதான் என்னை எரிச்சல் பண்ணுவா. எந்தத் திங்கறதா இருந்தாலும் முன்னெல்லாம் பாதியைத் தம்பிக்குன்னு எடுத்து வப்பா. அங்க போயிட்டு வந்ததுல இருந்து முழுசையும் அவளே திங்கறா. ஏண்டின்னு கேட்டாச் செருப்பை மிதிச்சு லைட்டைப் பாத்துட்டு நிப்பா. ஒரு நாள், "தம்பி நோம்பிக்குத்தானம்மா வருவான்?"னு கேட்டா. என்னமோ ஒறம்பரையைக் கேக்கற மாதிரி. எனக்கு வந்த கோவத்துல முதுகுல ஒண்ணு வச்சேன். தம்பி மேல பொறாமைங்க. இந்த வயசுல இருக்குமில்ல?

ரெண்டு நாளைக்கு முன்னால பால்வாடி டீச்சர் புடிச்சுக்கிச்சு. "உம் பையனை எடை போட்டு எத்தனை நாளாச்சு? கூட்டிட்டு வா. இல்லைன்னா நானே வீட்டுக்கு வருவேன்"னுச்சு. செரின்னு நானே ஒரு முடிவு பண்ணேன். மாமாகிட்டச் சொல்லல. சொல்லாமப் போயிக் கூட்டியாந்து, அவரு கம்பெனி விட்டு வர்றப்ப வாசல்ல பையனை நிறுத்துனா எப்படிச் சந்தோசப்படுவாரு! அதை நினைச்சுக்கிட்டேதாங்க வெடியால பஸ் ஏறுனேன். தனியா பஸ் ஏறுனதும் இதான் மொதத் தடவை.

நங்கையா வீட்டுக் கதவு தொறந்துதான் இருந்துச்சு. டிவி ஓடுது, சத்தம் இல்லாம. நான் செருப்பைக் கழட்டிட்டு உள்ள எட்டிப் பாத்தேன்.

எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்கக்கா. நீங்களும் பிள்ளை பெத்தவங்கதானே. காதைக் கொண்டாங்க.

பாயில படுத்திருந்தாங்க. இவன் அவங்க முந்தானைக்குள்ள தலையை விட்டுட்டு இருந்தான். ஆமாங்க. அதேதான். ஒரு சொட்டுப் பால் வராத மாருங்க அது. அதைக் குடிச்சுக்கிட்டு, ஒரு கையால அவங்க காது மடலைப் புடிச்சுத் திருகிட்டு இருந்தான்.

பால் மறக்கத்தானே அனுப்புனேன்? மறக்கவே விடலீங்களே. நான் பூ வச்சுக் கட்டி, சொரத்துல கெடந்து, சொட்டுச் சொட்டா வத்த வச்சுக்கிட்டு இருந்தேன். இங்க வேற மடியில போட்டுப் பழக்கியிருக்காங்க. நான் வாசல்லயே நின்னேன். "லோகித்து"ன்னேன். சத்தமே வரலீங்க. கனிதான் "தம்பி!"ன்னு கத்துனா.

அவங்க பதறி எந்திரிச்சு முந்தானையைச் சரி பண்ணிட்டு, "வா அம்சவேணி, சொல்லாம வந்திருக்கே"ன்னாங்க. மொகம் சுண்டிப் போச்சு. இவன் என்னைப் பாத்தான். பாத்துட்டு அவங்க முதுகுக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்டான். காணோம் வெளையாட்டு இல்லீங்க. நெசமாவே ஒளிஞ்சான்.

"எடை போடக் கூட்டிட்டுப் போறேனுங்க"ன்னேன்.

"போட்டுட்டுப் பொழுதோட கொண்டாந்து விட்டுருவியா? இல்லை, கதிரு கொண்டாருவானா?"ன்னாங்க. கதிருன்னா மாமாங்க, தம்பியைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க.

"எங்க கொண்டாந்து விடறது? அவன் அவன் வீட்டுக்கு வர்றான்"ன்னேன்.

அப்படியே கீழ உக்காந்துட்டாங்க. "கதிரு உன்கிட்டச் சொல்லலையா? நீ சம்மதிச்சுட்டேன்னுதானம்மா சொன்னான். 'நங்கையா மடி நிறையட்டும், எனக்கு இன்னொண்ணு பொறக்கும்'னு நீயே வாய் விட்டுச் சொன்னதாச் சொன்னானே. நான் உன்கிட்டப் பேசோணும்னு போனைக் கேட்டதுக்கு, 'வேண்டாங்க்கா, பேசுனா அவ மனசு மாறிரும்'னானே"ன்னு என்னைப் பாக்கறாங்க.

எப்படிப் பொய் சொல்றாங்க பாருங்க! கூடப் பொறந்த தம்பி மேலயே பழியைத் தூக்கிப் போடறாங்க. மாமாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, பாவம். பொழுதுக்கும் கம்பெனியில நிக்கற மனுசன். நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. மடி நிறையட்டுமாம். எனக்கு அப்படியெல்லாம் பேசவே வராதுங்க. பொய் சொன்னாலும் ஆளுக்குப் பொருத்தமாச் சொல்ல வேண்டாமா?

தூக்குனேன். கத்துனான். என்ற மொகத்துல அடிச்சான், இந்தா பாருங்க, நகம் பட்டிருக்கு. அவங்க புடுங்க வருவாங்கன்னு நினைச்சேன், வரல. உள்ள போயி ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கெட்டும் எடுத்தாந்து கனி கையில குடுத்தாங்க. "தூங்குனா ஒரு பக்கமாச் சாச்சுப் போடு, நெஞ்சுச் சளி கட்டாது"ன்னாங்க. நான் பெத்த பையனை எப்படிப் படுக்கப் போடறதுன்னு எனக்கே சொல்றாங்க. முக்கு வரைக்கும் பின்னாலயே வந்து, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதாங்க. எல்லாம் நடிப்புங்க. பஸ் கெளம்பறப்ப இவன் அவங்களைப் பாத்துத்தான் அம்மான்னான். நீங்க பாத்தது அதைத்தான்.

இப்பத் தெரிஞ்சுதுங்களா, யாரு பிள்ளைன்னு? நான் திருடிட்டு வரலீங்க. திருடுனதைத் திருப்பிக் கொண்டு போறேன். மாமாகிட்டச் சொன்னா அந்தம்மா மொகத்துலயே முழிக்க மாட்டாரு, பாருங்க. கூடப் பொறந்தவங்க இப்படிப் பண்ணுவாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சா மனுசன் ஒடைஞ்சு போயிருவாரு. அதை நினைச்சாத்தான் எனக்கு வெசனம்.

பாருங்க, அழுது அழுது அப்படியே தூங்கிட்டான். இல்லீங்க, வேண்டாங்க, எடம் போதும். நீங்க நல்லா உக்காருங்க.

போன் அடிக்குது. மாமாதானுங்க. இந்தக் கையில இவன் தலை இருக்கு. கனி, பையில இருந்து எடு. பச்சையை இழு. பஸ்ஸுல வர்றோம்னு மட்டும் சொல்லு. தம்பி இருக்கான்னு சொல்லிராத, வீட்டுல வந்து பாக்கட்டும். என்ன?

"அப்பா... பஸ்ஸுல இருக்கோம்... ம்... ம்... ஆமா, இருக்கான்."

அடியே, சொல்லாதன்னேனில்ல!

"இல்லப்பா, நான் சொல்லல. சாமி சத்தியமாச் சொல்லலப்பா. தம்பி இனிமே அத்தை பையன்னு நான் அம்மாகிட்டச் சொல்லவே இல்ல. அம்மாதான் போயித் தூக்கிட்டு வந்துட்டாங்க. அடிச்சப்பக் கூட நான் சொல்லலப்பா... செருப்பைத் திருப்பி வாங்கிக்க மாட்டீங்கல்ல?"

என்ன கண்ணு சொன்னே?

இல்லை, அம்மா அடிக்கல. அடிக்க மாட்டேன். அழாத. செருப்பு உன்றதுதான். போனைக் குடு.

அக்கா, உங்களுக்கும் கேட்டுச்சுங்களா?

சொல்லுங்க மாமா. ஆமாங்க. ஆமாங்க மாமா. தூங்கறான். ... பஸ் ஸ்டாண்டுலயே வந்து நிக்கறீங்களா. செரிங்க. ... இல்லீங்க, ஒண்ணும் பேசல. நான் என்ன பேசப் போறேன். ... கேக்குதுங்க, எல்லாம் கேக்குது. ... மாமா. வர்றப்பப் பூ வாங்கிட்டு வந்துராதீங்க.

வச்சுட்டேனுங்க. இதை எப்படி அணைக்கறது? மறுபடி அடிக்கக் கூடாது. நீங்களே அணைச்சுக் குடுங்கக்கா.

நங்கையா அழுதது நடிப்புன்னு சொன்னேன் பாருங்க, அதை நீங்க மறந்துருங்க. அந்தம்மாவும் என்னை மாதிரிதான் நம்பியிருக்கு. தம்பி நோம்பிக்குத்தான் வருவானான்னு கேட்டதுக்கு இவளை அடிச்சேனே, அதையும். இவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. இத்துனூண்டு பிள்ளை. எனக்குத்தான் தெரியல. தினமும் பூவைக் கையில வாங்கி, மோந்து பாத்துட்டுக் கட்டுனேன். "இன்னும் ஊறுதா, இன்னும் ஊறுதா"ன்னு கேட்டாரு. வலிக்குதான்னு ஒரு நாளும் கேக்கலீங்க. இப்பத்தான் ஞாபகம் வருது.

காங்கேயத்துல எறங்கிக்கறேன். அங்க இருந்து ஈரோட்டு பஸ் இருக்குமில்லீங்க? எங்கப்பா வீடு கோபி பக்கம். டிக்கெட் திருப்பூருக்குத்தான் எடுத்தேன், அது போனாப் போகட்டும். எந்தப் பக்கம் நிக்கும்னு மட்டும் சொல்லுங்க. இல்லை, வேண்டாம், நானே கேட்டுக்கறேன். கேக்க வருது இப்ப.

உங்க மேல எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்கக்கா. அழுவற பிள்ளையைப் பாத்து "யாரு பிள்ளை இது?"ன்னு கேட்டீங்க. என்ற வீட்டுல ஒருத்தரும் என்கிட்ட அப்படி ஒரு வார்த்தை கேக்கல.

முழிச்சுக்கிட்டான். பாருங்க, சன்னலைப் பாக்கறான். இனி ஆரம்பிப்பான். முன் சீட்டுக்காரரே, திரும்பிப் பாக்கோணும்னா நல்லாத் திரும்பியே பாருங்க. அம்மா அம்மான்னு அவன் யாரை வேணும்னாலும் கூப்பிடட்டும்.

என்ன சாமி? அம்மா இங்கதான் இருக்கேன். சொல்லு.